டியர்டிராப் டிரெய்லருக்கு ஏர்கோன் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஈரத்தைக் கணக்குப் போடுங்கள்

போர்ட் டிக்சனில் எங்கள் டியர்டிராப்பின் முதல் இரவு. டியர்டிராப் என்பது காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், கண்ணீர்த்துளி வடிவத்துச் சின்னப் பெட்டி: உள்ளே படுக்கை மட்டும், பின்கதவைத் திறந்தால் சமையலறை. விடிகாலை நாலு மணிக்கு மனைவி தட்டி எழுப்பி, "மேலே ஒழுகுது போல, பாருங்க" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தால் கூரை காய்ந்துதான் இருக்கிறது, வெளியே மழையும் இல்லை, ஆனால் மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் சரியாகப் பிழியாத துணி மாதிரி சொதசொதவென்று கிடக்கின்றன. குற்றவாளி காலடியில் ஓடிக்கொண்டிருந்தது: தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டி போட்டு ஓட்டும் ஏர் கூலர். கரண்ட் கம்மியாகத் தின்னும் என்று நானே தேடிப்பிடித்து வாங்கியது.

அடுத்த தடவை நேர் எதிர்ப்பக்கம் ஓடினேன். பழைய ஒரு குதிரைத்திறன் ஜன்னல் ஏர்கோன் ஒன்றை மச்சானின் பட்டறையில் பொருத்தினோம். ஐந்தே நிமிடத்தில் உள்ளே ஐஸ் பெட்டி, உடனே கம்ப்ரஸர் நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி கசகசப்பு, மறுபடி டொக்கென்று கம்ப்ரஸர் எழும். ராத்திரி முழுக்க இதே கூத்து. உடம்பு குளிர்ந்தது, மெத்தை மட்டும் காயவே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பகலில் 33 டிகிரி அடித்தாலும் இரவில் 25, 26க்கு இறங்கிவிடுகிறது, அந்த வெப்பத்தை ஒரு விசிறியே சமாளித்துவிடும். நம்மைப் படுத்துவது காற்றிலுள்ள ஈரம். இந்த டிரெய்லர் வடிவம் 1930களில் அமெரிக்காவில் பிறந்தது, அதனால் அதற்கான ஆலோசனைகளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. அரிசோனா பாலைவனத்தில் ஏர் கூலர் அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே காற்று உலர்ந்து கிடக்கிறது. தெலுக் பஹாங்கில் அதே சாமான் ஆவிக்குளியல்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் எந்த இடத்திலும் நான் கேட்கப்போவது ஒரே கேள்வி: இது பெட்டியைக் காயவைக்குமா?

எங்கே தூங்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போவதற்கு முன் கடந்த ஒரு வருடத்தில் எங்கெங்கே போனீர்கள் என்று எழுதிப் பாருங்கள். கேமரன் மலைக்குப் போகிறவருக்கு ஏர்கோன் எதற்கு? தானா ராத்தாவில் இரவு 16, 17 டிகிரிக்கு இறங்கும், போர்வைதான் வேண்டும். ஃபிரேசர் மலையும் அப்படித்தான். ஜண்டா பாய்க்கில் ஆற்றோரம் தூங்கினால் 12 வோல்ட் விசிறி ஒன்றும் கொசுவலையும் பெரும்பாலும் போதும். கடலோரம் வேறு கதை: போர்ட் டிக்சன், கோல சிலாங்கூர், பாகான் லாலாங், பத்து ஃபெரிங்கி பக்கமெல்லாம் காற்று நின்றுவிட்டால் உள்ளே படுக்கவே முடியாது. வருடத்துக்கு இரண்டே தடவைதான் கடற்கரை என்றால் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு நல்ல விசிறி வாங்குங்கள், கோபிக்க மாட்டேன்.

கரண்ட் எங்கிருந்து வரும்?

ஏர்கோனின் மாடலைப் பார்ப்பதற்கு முன்பே இதை முடிவு செய்யவேண்டும். முகாமில் மூன்று முள் பிளக் கிடைக்கிறதென்றால் வேலை பாதி முடிந்தது. நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 13 ஆம்பியர்; சின்ன ஏர்கோன் கேட்பது இரண்டு, இரண்டரை ஆம்பியர்தான். ஆனால் இரவு ஏழு, எட்டு மணிக்கு ஒரே வயரில் பத்துக் கூடாரத்து ரைஸ் குக்கரும் கெட்டிலும் ஓடும்போது வோல்டேஜ் விழும், கம்ப்ரஸர் எழ முடியாமல் முனகும். அந்த நேரத்தில் அணைத்துவிட்டு, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு போடுங்கள். ரீலில் சுற்றிய வயரை முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள், சுருளோடு இருந்தால் சூடேறும். டிரெய்லருக்குள் நுழையும் இடத்தில், கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஈஎல்சிபி ஒன்றைப் பதிவு பெற்ற வயர்மேனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஈரத் தரை, இரும்புச் சேசிஸ், வெறும் கால், இந்த மூன்றும் சேரும் இடத்தில் விளையாட்டு வேண்டாம்.

ஜெனரேட்டர் என்றால் இன்வெர்ட்டர் வகையில் 2 கிலோவாட் அளவுள்ளது வசதி, கம்ப்ரஸர் எழும் நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பலமடங்கு இழுக்கும் என்பதால். ஆனால் நடு ராத்திரி அதன் சத்தத்துக்குப் பக்கத்துக் கூடாரத்து அண்ணன் உங்களை வாழ்த்த மாட்டார். பேட்டரிக் கணக்கு நீளமானது, தனியாகக் கீழே வருகிறேன்.

அமெரிக்காவிலிருந்து தருவித்த டிரெய்லர் ஏர்கோன்கள் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். விலை மலிவாக இருக்கிறதே என்று இணையத்தில் ஆர்டர் போடாதீர்கள். ஆஸ்திரேலிய, ஐரோப்பியச் சந்தைக்குச் செய்தவை இங்கே ஒத்துவரும்.

எவ்வளவு குளிர் போதும்?

நம்மூர்க் கடைகளில் ஏர்கோனைக் குதிரைத்திறனில் விற்கிறார்கள். ஒரு குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 9,000 பிடியு (ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும் என்பதன் அளவு). அது ஒரு படுக்கையறைக்கான அளவு. உங்கள் பெட்டியோ 4 அடி அகலம், 8 அடி நீளம், உள்ளே 4 அடி உயரம். வளைவைக் கழிக்காமல் பார்த்தாலும் 128 கன அடி, அதாவது 3.6 கன மீட்டர். பெரிய துணி அலமாரி ஒன்றைப் படுக்கப்போட்டது போல.

நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன், உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து 160 சதுர அடி, சுமார் 15 சதுர மீட்டர். இடையில் 25 மில்லிமீட்டர் ஃபோம் பலகை வைத்திருந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறக்குறைய 15 வாட் உள்ளே கசியும். இரவில் வித்தியாசம் இரண்டு டிகிரி என்றால் 30 வாட், ஒன்றுமே இல்லை. தூங்கும் இரண்டு பேரின் உடல் வெப்பம் 150 வாட் பக்கம், அதில் ஒரு பகுதி வேர்வையும் மூச்சுமாக வரும் ஈரம். மூச்சுக்காக உள்ளே விடும் வெளிக்காற்று இருக்கிறதே, அதுதான் பெரிய செலவு: நொடிக்குப் பத்து லிட்டர் விட்டால், அதிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க மட்டும் 200 வாட்டுக்கு மேல் போகும். எல்லாம் கூட்டினால் 400 வாட் பக்கம்; கொஞ்சம் கூடுதலாகவே 500 வாட் என்று வைத்துக்கொள்வோம், பிடியுவில் 1,700. அதில் பாதிக்கு மேல் ஈரத்தின் பங்கு. பகல் வெயிலில் படுக்க நினைத்தால் 3,000, 4,000 வரை போகும்.

ஆக 5,000 பிடியு தாராளம். அதற்கு மேலே போகாதீர்கள். ஏர்கோன் ஈரத்தை எடுப்பது கம்ப்ரஸர் ஓடும்போது மட்டும்தான், அதுவும் காயில் எனும் உள்பக்கத்து உலோகக் குழாய்ச் சுருள் நன்றாகக் குளிர்ந்து, தண்ணீர் திரண்டு, சொட்டிக் கீழே இறங்கிய பிறகுதான். பெரிய இயந்திரம் மூன்று நிமிடம் ஓடி நின்றுவிட்டால் அந்தத் தண்ணீர் காயிலிலேயே தங்கும், விசிறி அதைத் திரும்ப உங்கள் மேலேயே ஊதும். என் ஒரு குதிரைத்திறன் கதை இதுதான். கடையில், "அண்ணே, கொஞ்சம் பெருசாவே எடுத்துக்குங்க, சீக்கிரம் குளிரும்" என்பார்கள். வீட்டு ஹாலுக்கு அது நல்ல புத்தி.

வாங்குவதற்கு முன் பெட்டியைச் சரிசெய்யுங்கள்

கதவு ரப்பர், ஜன்னல் ஓரம், சமையலறைப் பக்கத்துப் பலகை இணைப்பு, வயர் நுழையும் ஓட்டை. ராத்திரியில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து, இன்னொருவர் வெளியிலிருந்து டார்ச் அடித்துக்கொண்டே சுற்றிவரட்டும். வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் ஈரம் நுழைகிற இடம். சிலிகோன் ஒரு டியூப், ரப்பர் பட்டி இரண்டு மீட்டர், அவ்வளவுதான் செலவு.

நிழலும் முக்கியம். மாலை ஆறு மணிக்கு ஏர்கோனைப் போட்டும் ஒரு மணி நேரம் குளிரவில்லை என்று புலம்புகிறவர்கள் பகலெல்லாம் வெயிலில் மெத்தையை வேகவிட்டவர்கள். கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டுத் தார்பாய் கட்டுங்கள், ஒட்டிப் போர்த்தினால் பயன் பாதி. மரநிழல் இன்னும் நல்லது. டுரியான் மரமும் தென்னையும் மட்டும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

எந்த வகை?

ஏர் கூலரைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். "ஏர்கோன் போல குளிரும்" என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் கையடக்க டப்பாக்களும் அதே சாதிதான்.

சக்கரம் வைத்த, ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏர்கோனை வீட்டில் வைத்திருப்பீர்கள், அதையே தூக்கிவைக்கலாமே என்று தோன்றும். அது சூட்டை வெளியேற்றுவதற்கு அறைக் காற்றையே உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. நம் பெட்டியின் 3.6 கன மீட்டர் காற்றை ஒரு நிமிடத்துக்குள் துடைத்துத் தள்ளிவிடும், அந்த இடத்தை நிரப்ப ஒவ்வொரு சந்திலிருந்தும் வெளியின் ஈரக்காற்று உள்ளே பாயும். ஒரு கையால் துடைத்து மறு கையால் தண்ணீர் ஊற்றுவது போல. அதை வெளியே நிறுத்தி, குளிர்காற்று உள்ளே போக ஒரு குழாய், உள்காற்று திரும்பி வர ஒரு குழாய் என்று சுற்றுப் போட்டால் சரியாகிவிடும், ஆனால் மழைக்கு ஒரு கூரையும் கட்டவேண்டும்.

கூரைமேல் உட்காரும் கேரவன் ஏர்கோன்? பெரும்பாலானவை 9,000 பிடியுவுக்குக் குறையாது, எடை 30 கிலோவுக்குமேல், தட்டையான கூரை வேண்டும். வளைந்த கூரைக்கும் நமக்கும் ஒத்துவராது.

ஜன்னல் ஏர்கோன், 5,000 பிடியு. அசிங்கமாக இருக்கும், ஆனால் சுமார் 450 வாட்டில் ஓடும், எடை 20 கிலோவுக்குள், பழுதானால் எந்த ஏர்கோன்காரரும் பிரித்துப் பார்ப்பார். நம்மூர்க் கடைகளில் இந்தச் சிறிய அளவு சுலபத்தில் கண்ணில் படாது, கேட்டுத் தருவிக்கவேண்டியிருக்கும். பிளக் கரண்ட் உள்ள முகாம்களுக்கே அதிகம் போகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான். சிரிம் தரச்சான்று முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

ஒரு குதிரைத்திறன் இன்வெர்ட்டர் ஸ்பிலிட்டை வாங்கி, வெளிப்பெட்டியை முன்னாலுள்ள இழுவைச் சட்டத்தில் பொருத்துகிறவர்களும் உண்டு. இன்வெர்ட்டர் என்பதால் கம்ப்ரஸர் மெதுவாக, நீண்ட நேரம் ஓடும், பெரிய அளவின் குறை ஓரளவு தணியும், சத்தமும் இல்லை. என் தயக்கம் செம்புக் குழாயில்: வீட்டுச் சுவருக்காகச் செய்த இணைப்பு அது, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நானூறு கிலோமீட்டர் ஆடினால் முனையில் விரிசல் விட்டு கேஸ் போய்விடும். குழாயில் ஒரு சுற்று வளையம் விட்டு, ரப்பர் தாங்கிகள்மேல் வெளிப்பெட்டியை வைத்தால் ஆயுள் கூடும்.

பேட்டரியில் ஓடும் முகாம் ஏர்கோன்கள் ஒரு தனி இனம். ஈகோஃப்ளோ வேவ் 2 என்பது 5,100 பிடியு, கூடவே மாட்டும் பேட்டரி 1,159 வாட்மணி; ஜீரோ பிரீஸ் மார்க் 2 என்பது 2,300 பிடியு, 24 வோல்ட். இரண்டாவதைப் பார்த்துப் பலர் சிரிப்பார்கள், ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள்: அடைப்பான பெட்டி, இரவு நேரம், 1,700 பிடியு தேவை. நிற்காமல் ஓடும், நிற்காமல் ஓடுவதால் நன்றாகக் காயவைக்கும். வெயில் நேரத்தில் மட்டும் அதனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். லோரி ஓட்டுநர்கள் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தூங்கப் பயன்படுத்தும் 12, 24 வோல்ட் பார்க்கிங் ஏர்கோன்களும் இருக்கின்றன. பேட்டரிக் கரண்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியில் வீணாகும் கரண்ட் மிச்சம் என்பது அவற்றின் பலம், பெட்டியை வெட்டிப் பொருத்தும் வேலை அதிகம் என்பது பலவீனம்.

பொருத்தும்போது எல்லாரும் விழும் குழி

ஜன்னல் ஏர்கோன் இரு பக்கத்துச் சீப்புத் துளைகள் வழியாக வெளிக்காற்றை இழுத்து, பின்பக்கம் சூடாகத் தள்ளுகிறது. அதன் பின்பாதியைச் சமையலறை அலமாரிக்குள் விட்டு, பின்கதவைச் சாத்திவிட்டால் தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும், அரை மணியில் தானாக அணைந்துவிடும். மச்சான் இதைத்தான் செய்தான், நானும் தலையாட்டினேன். பக்கத்துளைகளும் பின்பக்கமும் வெளிக்காற்றில் நிற்கவேண்டும், முடியாவிட்டால் இழுக்கும் காற்றும் தள்ளும் காற்றும் கலக்காமல் நடுவில் பலகை அடைக்கவேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். இரவு ஒன்றுக்கு மூன்று லிட்டர் வரை வடியும், பெட்டி எவ்வளவு ஈரத்தைக் குடித்திருந்தது என்று அப்போதுதான் புரியும். ஏர்கோனை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். பல ஜன்னல் ஏர்கோன்களில் விசிறியின் விளிம்பிலுள்ள வளையம் தேங்கிய தண்ணீரை வாரிச் சூடான காயில்மேல் அடிக்கும், சலசலவென்று சத்தம் வரும். அது பழுதில்லை, அடியில் ஓட்டை போடாதீர்கள்.

மூன்றாவது, எடை. டிரெய்லர் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்கொக்கியில் அழுந்துவது நல்லது. பின்னால் 20 கிலோ ஏர்கோனை வைத்தால் மூக்கு லேசாகிவிடும், நெடுஞ்சாலையில் லோரி உரசிக்கொண்டு போகும் காற்றில் வால் ஆடும். பேட்டரியை முன்னால் வைத்து ஈடுகட்டுங்கள்.

பேட்டரிக் கணக்கு

450 வாட் ஏர்கோன், இரவில் பாதி நேரம் கம்ப்ரஸர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 1,800 வாட்மணி. இன்வெர்ட்டரில் வீணாவதைச் சேர்த்தால் 2,000ஐத் தாண்டும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்மணி. ஆகவே இரண்டு வேண்டும், விடியும்போது அடிமட்டத்துக்கு வந்திருக்கும். இன்வெர்ட்டர் சுத்த சைன் அலை (வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை) வகை, 1,500 வாட்டுக்குக் குறையாமல். ஓடும்போது பேட்டரியிலிருந்து 40 ஆம்பியர் இழுக்கும், எழும் நொடியில் இன்னும் அதிகம், எனவே தடித்த வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ்.

சோலாரால் எல்லாவற்றையும் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: நம் நாட்டில் ஒரு நாளுக்கு நான்கு மணி நேரம் முழு வெயில் என்று கணக்கு வைத்தால் 200 வாட் பலகையிலிருந்து 600, 700 வாட்மணி கிடைக்கும். இரவுச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. அதுவும் டிரெய்லரை நிழலில் நிறுத்திவிட்டுப் பலகையை வெயிலில் போட்டால்தான்.

மூச்சு

சந்துகளையெல்லாம் அடைக்கச் சொன்னவன் இப்போது ஓட்டை விடச் சொல்கிறேன். ஏர்கோன் உள்காற்றையேதான் சுற்றிவிடும், புதிய காற்றைக் கொண்டுவராது. முற்றிலும் அடைத்த இந்த அளவுப் பெட்டியில் இரண்டு பேர் தூங்கினால் ஒரு மணி நேரத்திலேயே கரியமில வாயு அரை விழுக்காட்டைத் தாண்டும், விடியும்போது தலைவலியோடு எழுவது அதனால்தான். அதனால் நாம் அறியாத சந்துகளுக்குப் பதில் நாமே வைத்த ஒரு துளை: தலைமாட்டில் ஒரு விரல் இடைவெளி, கால்மாட்டில் ஒன்று, இரண்டிலும் கொசுவலை. ஜெனரேட்டரை இவற்றின் பக்கமே கொண்டுவராதீர்கள், அதன் புகையைக் காற்று டிரெய்லரைவிட்டு அப்பால் கொண்டுபோகும் பக்கத்தில் தள்ளி வையுங்கள். உள்ளே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அந்த வாயுவுக்கு மணமில்லை, தூங்குகிறவரை எழுப்பாது.

வாசலில் ஒரு ராத்திரி

பயணத்துக்கு முன் தாமான் வீட்டு வாசலிலேயே ஓர் இரவு படுத்துப் பாருங்கள். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று, ஈரப்பதம் காட்டும் சின்ன கடிகாரம் ஒன்று போதும். 25 டிகிரியில் வைத்து, ஈரம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குகிறதா பாருங்கள். இறங்காவிட்டால் இன்னும் குளிராக வைக்காதீர்கள், காற்று நுழையும் சந்து எங்கே என்று தேடுங்கள். விசிறியைத் தானியங்கியில் போட்டால் கம்ப்ரஸரோடு சேர்ந்து அதுவும் நிற்கும், காயில் தண்ணீர் திரும்ப உள்ளே வராது.

24க்குக் கீழே இறக்கவே வேண்டாம். நம்மூர்க் காற்று 24 டிகிரிப் பக்கம் எதைத் தொட்டாலும் அங்கே தண்ணீராகிவிடும்; உள்ளே 18 வைத்தால் தரைப்பலகையின் அடிப்பக்கம் ராத்திரி முழுக்க வேர்த்துக்கொண்டே இருக்கும், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் பலகை மக்கும். எங்களுடையது அப்படித்தான் ஒரு மூலையில் மக்கியது.

காலையில் புறப்படுவதற்கு முன் கம்ப்ரஸரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, விசிறியை மட்டும் இருபது நிமிடம் ஓட்டுங்கள், காயில் காயும், அடுத்த தடவை ஊசல் வாடை வராது. வடிகுழாயின் நுனியில் கொஞ்சம் வலைத்துணி கட்டுங்கள். எங்களுடையதில் குளவி மண்கூடு கட்டி, தண்ணீர் முழுவதும் என் பக்கத்து மெத்தையில் இறங்கியது, மனைவி இந்தத் தடவை எழுப்பவே இல்லை.